வெகுஜன நாவல்கள் வாசகரைக் கட்டிப்போடுவது எப்படி? இலக்கியப் புனைவிலிருந்து அவை வேறுபடுவது எங்கே? - இந்தி 'லுக்தி' நாவல்கள் தரும் விடை

புதுடெல்லி: வட இந்திய ரயில் நிலையங்களில் ஒரு காலத்தில் நாவல் வாங்குவதற்கென்று யாரும் தனியாக நேரம் ஒதுக்கியதில்லை. ரயில் புறப்படச் சில நிமிடங்களே இருக்கும்போது, நடைமேடைக் கடையில் அடுக்கப்பட்டிருக்கும் அட்டைப்படங்களை ஒரு பார்வை பார்த்து, கையிலிருக்கும் சில்லறையைக் கொடுத்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெட்டியில் ஏறுவார்கள். இறங்க வேண்டிய ஊர் வருவதற்குள் அதைப் படித்து முடித்திருப்பார்கள். பிறகு அந்தப் புத்தகம் பக்கத்து இருக்கைக்காரரின் கைக்குப் போகும்.

காகிதக் கூழிலிருந்து தயாரித்த மட்டரகத் தாளில் அச்சிடப்பட்டதால் இந்த நாவல்களுக்கு இந்தியில் 'லுக்தி' இலக்கியம் என்று பெயர். லுக்தி என்றால் காகிதக் கூழ். மீரட் நகரைச் சேர்ந்த வேத் பிரகாஷ் சர்மா 1990களின் தொடக்கத்தில் எழுதிய 'வர்தி வாலா குண்டா' வெளியான முதல் நாளிலேயே 15 லட்சம் பிரதிகள் விற்றதாக அவர் தரப்பில் கூறப்பட்டது. இந்த எண்ணிக்கையைச் சரிபார்க்க வழியில்லை. ஆயினும் லட்சக்கணக்கானோர் அதைப் படித்தார்கள் என்பதில் ஐயமில்லை. அதே காலத்தில் விருது பெற்ற பல இந்தி நாவல்கள் சில ஆயிரம் வாசகர்களைச் சென்றடையவே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? வாசகர்களின் ரசனைக் குறைவா, எழுத்தாளர்களின் திறமையா, அல்லது இவ்விரண்டும் அல்லாத வேறொன்றா?

ஒரு நாவலுக்காக எழுத்துக் கற்றவர்கள்

இந்தக் கேள்வி இந்தியில் இன்று நேற்று எழுந்ததல்ல. பிகாரில் 1861ஆம் ஆண்டு பிறந்து, காசியில் வாழ்ந்த தேவகி நந்தன் கத்ரி 1888ஆம் ஆண்டு வாக்கில் 'சந்திரகாந்தா' என்ற நாவலை வெளியிட்டார். நவ்கட் இளவரசர் வீரேந்திர சிங்குக்கும் விஜய்கட் இளவரசி சந்திரகாந்தாவுக்கும் இடையிலான காதல்தான் கதை. ஆனால் வாசகர்களை ஈர்த்தவர்கள் காதலர்கள் அல்லர். 'ஐயார்'கள் எனப்படும் ஒற்றர்கள். நொடியில் வேடம் மாற்றுவார்கள். மயக்கப் பொடி வீசுவார்கள். எதிரியின் கோட்டைக்குள் புகுந்து ஆளைத் தூக்கி வருவார்கள். இவற்றோடு, திறக்கத் தெரியாதவனைச் சிறைப்படுத்திவிடும் 'திலிஸ்ம்' என்னும் மாயக் கட்டடங்களும் கதையில் உண்டு.

அக்காலத்தில் வட இந்தியாவில் படித்தவர்களில் பெரும்பகுதியினர் உருது எழுத்தில் பழகியவர்கள். 'சந்திரகாந்தா'வைப் படிப்பதற்காகவே அவர்களில் எண்ணற்றோர் தேவநாகரி எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்பது இந்தி இலக்கிய வரலாற்றில் பதிவான செய்தி. அதைப் பதிவு செய்தவர் இந்தி இலக்கிய வரலாற்றை முறைப்படி எழுதிய திறனாய்வாளர் ராமசந்திர சுக்ல. 1929ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் அவர் கத்ரிக்கு இரண்டு தீர்ப்புகளை வழங்கினார். இந்தியில் வேறெந்த எழுத்தாளரும் இவ்வளவு வாசகர்களை உருவாக்கவில்லை என்பது முதல் தீர்ப்பு. இந்த நாவல்கள் நிகழ்ச்சிகளை மட்டுமே நம்பியிருப்பவை, மனித உணர்வுகளையும் குணங்களையும் ஆராய்பவை அல்ல, எனவே இலக்கியம் என்ற வரிசையில் சேரா என்பது இரண்டாவது.

வெகுஜனப் புனைவு பற்றிய விவாதம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இந்த இரு தீர்ப்புகளுக்கு நடுவிலேயே நின்றுகொண்டிருக்கிறது. வாசகரை உருவாக்குவது ஒரு திறன். வாழ்க்கையை ஆராய்வது வேறொரு திறன். முதலாவது எப்படிச் செயல்படுகிறது என்று பார்த்தால்தான் இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும்.

விடை தெரியாத கேள்வியின் வலிமை

வெகுஜன நாவலின் முதல் பலம், விடை தெரியாத ஒரு கேள்வியை முதல் சில பக்கங்களிலேயே வாசகரிடம் கொடுத்துவிடுவது. கொலை செய்தவர் யார்? பணம் எங்கே போனது? அவள் அவனை மணப்பாளா? கேள்வி எளியது. ஆனால் விடையை அடையும் வழி நெடுகத் தடைகள் வைக்கப்பட்டிருக்கும். ஓர் அத்தியாயத்தின் முடிவில் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கும்போது இன்னொரு கேள்வி பிறந்திருக்கும். முடிவடையாத ஒன்றை மனம் எளிதில் இறக்கி வைப்பதில்லை என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் இந்த எழுத்தாளர்கள்.

இதன் அருமை எழுதிப் பார்த்தவர்களுக்கே தெரியும். எந்தத் தகவலை எப்போது சொல்வது, எதை யாரிடமிருந்து மறைப்பது, வாசகருக்குத் தெரிந்ததைக் கதாநாயகன் அறியாமல் எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்ற கணக்குகளில் சிறிது பிசகினாலும் நாவல் குலைந்துவிடும். துப்பறியும் கதையில் குற்றவாளி கடைசிப் பக்கம்வரை வாசகரின் கண் முன்னாலேயே நடமாட வேண்டும். ஆனால் அவர்மீது பார்வை விழக் கூடாது. விடை தெரிந்தபின் திரும்பிப் பார்த்தால் எல்லாத் தடயங்களும் அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

இலக்கியப் புனைவும் கேள்வியை எழுப்பும். ஆனால் அது வேறு வகைக் கேள்வி. பிரேம்சந்த் 1936ஆம் ஆண்டு வெளியிட்ட 'கோதான்' நாவலில் ஹோரி என்ற ஏழை விவசாயி ஒரு பசு வாங்க ஆசைப்படுகிறார். பசு கிடைக்குமா என்பது கதையின் தொடக்கக் கேள்விதான். ஆனால் பக்கங்கள் நகர நகர, கடனும் சாதியும் நிலவரியும் மரபும் சேர்ந்து ஒரு மனிதரை எப்படி நசுக்குகின்றன என்ற பெரிய கேள்விக்குள் வாசகர் இழுக்கப்படுகிறார். அந்தக் கேள்விக்குக் கடைசிப் பக்கத்தில் விடை இல்லை. புத்தகத்தை மூடிய பிறகும் அது வாசகருடன் இருக்கிறது. வெகுஜன நாவல் கேள்வியைத் தீர்த்து வைத்து வாசகரை விடுவிக்கிறது. இலக்கிய நாவல் கேள்வியை அவரிடமே ஒப்படைக்கிறது.

தெரிந்த முகம், தெரிந்த ஒப்பந்தம்

இரண்டாவது பலம் பழக்கம். அலகாபாத் மாவட்டத்தின் நாரா கிராமத்தில் 1928ஆம் ஆண்டு பிறந்த அஸ்ரார் அகமது, 'இப்னே சஃபி' என்ற புனைபெயரில் 1952ஆம் ஆண்டு 'ஜாசூசி துனியா' வரிசையைத் தொடங்கினார். ஆபாசம் கலந்தால்தான் உருதுவில் நாவல் விற்கும் என்று நண்பர்கள் வட்டத்தில் எழுந்த பேச்சை மறுத்துக் காட்டவே அவர் துப்பறியும் கதை எழுதத் தொடங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அதே ஆண்டு அவர் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். ஆனால் அவரது நாவல்கள் அலகாபாத்திலிருந்தும் தொடர்ந்து வெளிவந்தன. 1980ஆம் ஆண்டு மறையும் வரை ஏறக்குறைய 245 நாவல்களை எழுதினார். எல்லையின் இரு பக்கமும் வாசகர்கள் அடுத்த இதழுக்காகக் காத்திருந்தார்கள்.

அவர்கள் காத்திருந்தது புதிய மர்மத்துக்காக மட்டுமல்ல. கண்ணியம் மிக்க கர்னல் ஃபரீதி, குறும்புக்காரரான கேப்டன் ஹமீத், முட்டாளைப் போல் நடித்துக்கொண்டே ரகசியப் படையை வழிநடத்தும் இம்ரான் ஆகிய பழகிய மனிதர்களை மீண்டும் சந்திப்பதற்காகவும்தான். இந்திப் பதிப்பில் ஃபரீதி 'கர்னல் வினோத்' ஆனார். பெயர் மாறியும் வாசகர் விலகவில்லை. அந்த மனிதரின் இயல்பு அவர்களுக்கு அவ்வளவு பழகியிருந்தது.

சுரேந்தர் மோகன் பாடக்கின் நாவல்களிலும் இதுவே நடந்தது. 1963ஆம் ஆண்டு முதல் நாவலை வெளியிட்ட இவர், இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதி, 300ஐ நெருங்கும் நாவல்களைப் படைத்தவர். இயான் ஃபிளெமிங், ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் ஆகியோரை இந்தியில் மொழிபெயர்த்தவரும் இவரே. பத்திரிகையாளர் சுனில், டெல்லியின் தனியார் துப்பறிவாளர் சுதீர், செய்யாத குற்றத்துக்காகச் சிறை சென்று பின் உண்மையிலேயே குற்ற உலகில் சிக்கிக்கொண்ட விமல் என்று மூன்று வரிசைகள் இவருக்கு உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் தனி வாசகர் கூட்டமும் உண்டு.

இத்தாலிய அறிஞர் உம்பர்ட்டோ எக்கோ ஜேம்ஸ் பாண்ட் நாவல்களை ஆராய்ந்தபோது, அவை விதிகள் தெரிந்த ஓர் ஆட்டத்தைப் போன்றவை என்று விளக்கினார். யார் வெல்வார் என்பது வாசகருக்கு முன்பே தெரியும். எந்தக் காய் எப்போது நகரும் என்பதைப் பார்ப்பதில்தான் இன்பம். வெகுஜன நாவலின் அட்டைப்படமே ஓர் ஒப்பந்தம்: இந்தப் புத்தகம் உங்களுக்கு அச்சத்தைத் தரும், அல்லது சிரிப்பை, அல்லது கண்ணீரை, முடிவில் உங்களைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விடும். உழைத்துக் களைத்த ஒருவர், கையில் இருக்கும் சொற்பப் பணத்தையும் நேரத்தையும் செலவிடும்போது இந்த உறுதியை எதிர்பார்ப்பது இயல்பே. இலக்கியப் புனைவு அப்படி எந்த உறுதியையும் கொடுப்பதில்லை.

வாசகர் பேசும் மொழி

மூன்றாவது பலம் நடை. அகில இந்திய வானொலியும் பாடநூல்களும் சமஸ்கிருதச் சொற்கள் மிகுந்த இந்தியை வளர்த்த காலத்தில், லுக்தி நாவல்கள் இந்தியும் உருதுவும் கலந்த சந்தை மொழியிலேயே எழுதப்பட்டன. காவல் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் கேட்கும் பேச்சு அப்படியே பக்கத்தில் வந்தது. அகராதியைத் தேட வேண்டியதில்லை. ஒரு வாக்கியத்தை இருமுறை படிக்க வேண்டியதில்லை. வாசகரின் கவனம் சொல்லில் நிற்காமல் நேரே நிகழ்ச்சிக்குப் போயிற்று.

இந்திய ஆங்கிலப் புனைவிலும் இதே மாற்றத்தைக் காண முடிந்தது. 2004ஆம் ஆண்டு வெளியான சேத்தன் பகத்தின் முதல் நாவல், ஐஐடி விடுதி மாணவர்கள் தங்களுக்குள் பேசும் எளிய ஆங்கிலத்தில் இருந்தது. விலை 95 ரூபாய். அதுவரை இந்திய ஆங்கில நாவல் என்றாலே வெளிநாட்டு விருதுகளும் நீண்ட வாக்கியங்களும் நினைவுக்கு வந்த நிலையில், சிறு நகரங்களில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற இளைஞர்கள் முதன்முறையாக ஓர் ஆங்கில நாவலை முழுமையாகப் படித்து முடித்தார்கள். அந்த நிறைவு உணர்வின் மதிப்பைத் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இலக்கியப் புனைவில் மொழி என்பது கதைக்குச் செல்லும் பாதை மட்டுமல்ல; அதுவே பார்க்க வேண்டிய இடமும் ஆகும். 2022ஆம் ஆண்டு சர்வதேச புக்கர் பரிசு பெற்ற முதல் இந்தி நாவலான கீதாஞ்சலி ஸ்ரீயின் 'ரேத் சமாதி'யில், கணவரை இழந்த 80 வயது மூதாட்டி உலகத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறார். அவர் எழுந்து உட்காரவே நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் ஆகின்றன. சொல் விளையாட்டும் கிளைக்கதையும் நகைச்சுவையுமாக அந்தப் பக்கங்கள் விரிகின்றன. அடுத்து என்ன என்று கேட்பவருக்கு அவை தடை. இங்கே என்ன என்று பார்ப்பவருக்கு அவை விருந்து.

நீதி கிடைக்கும் உலகம்

வெகுஜன நாவலின் ஆழமான ஈர்ப்பு ஒருவேளை அது அமைத்துத் தரும் அறவுலகமாக இருக்கலாம். 'வர்தி வாலா குண்டா' என்றால் சீருடை அணிந்த குண்டர் என்று பொருள். சட்டத்தைக் காக்க வேண்டியவரே அதை மீறுகிறார் என்ற மனக்குறை தலைப்பிலேயே இருக்கிறது. நீதிமன்ற வழக்கு தலைமுறைகளைக் கடந்து இழுபடும், லஞ்சம் இன்றிக் கோப்பு நகராது என்பதை அன்றாடம் காணும் வாசகருக்கு, இருநூறு பக்கங்களுக்குள் குற்றவாளி கண்டுபிடிக்கப்பட்டுத் தண்டிக்கப்படும் உலகம் பெரிய ஆறுதல்.

காதல் நாவல்களிலும் இந்த ஆறுதல் உண்டு. குல்ஷன் நந்தாவின் கதைகள் 1960களிலும் 1970களிலும் 'காஜல்', 'கடி பதங்' உள்ளிட்ட இந்தித் திரைப்படங்களாயின. தெலுங்கில் யத்தனபூடி சுலோசனா ராணியின் 'செக்ரட்டரி' அந்தத் தலைமுறைப் பெண்கள் பலரின் கையில் இருந்த நாவல். 1976இல் அது திரைப்படமும் ஆனது. தன்மானம் உள்ள, வேலைக்குச் சென்று சம்பாதிக்கும் கதாநாயகியை அந்நாளைய வாசகியர் தங்களுக்கு நெருக்கமானவளாக உணர்ந்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜேனிஸ் ராட்வே 1984ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், காதல் நாவல் படிக்கும் இல்லத்தரசிகளுக்குக் கதையைவிட, படிக்கும் செயலே முக்கியமானதாக இருந்ததைச் சுட்டிக்காட்டினார். குடும்பத்தாரின் தேவைகளைக் கவனித்தே கழியும் நாளில், கையில் புத்தகம் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டுமே அவர்களுக்கு உரியது.

ஆனால் இதே இடத்தில்தான் வெகுஜனப் புனைவின் பலவீனமும் இருக்கிறது. ஆறுதல் தருவதற்காக அது உலகத்தைச் சுருக்கிவிடுகிறது. வில்லனைப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறது. விசாரணையில் அடிப்பதும் உதைப்பதும் நியாயமே என்ற எண்ணத்தைப் பல துப்பறியும் நாவல்கள் எளிதாக விதைத்தன. பெண்களைப் பலியாகவோ கவர்ச்சிப் பொருளாகவோ மட்டும் காட்டிய கதைகளும் அட்டைப்படங்களும் ஏராளம். 'கோதா'னில் ஹோரியைக் கொல்லும் ஒற்றை வில்லன் யாரும் இல்லை. அதனால்தான் அந்த நாவல் வாசகருக்கு ஆறுதல் தருவதில்லை. அதனால்தான் அது இன்னமும் உண்மையாக இருக்கிறது.

கையருகே இருந்த கடை

கதையின் கவர்ச்சி மட்டுமே விற்பனையைத் தீர்மானிக்கவில்லை. 1877ஆம் ஆண்டு அலகாபாத்தில் தொடங்கப்பட்ட ஏ.எச். வீலர் நிறுவனத்தின் ரயில் நிலையக் கடைகள் வட இந்தியா முழுவதும் பரவியிருந்தன. 1958ஆம் ஆண்டு தீனாநாத் மல்கோத்ரா தொடங்கிய ஹிந்த் பாக்கெட் புக்ஸ், ஒரு ரூபாய் விலையில் இந்திப் புத்தகங்களை வெளியிட்டது. அஞ்சல் வழியே வீட்டுக்குப் புத்தகம் அனுப்பும் நூலகத் திட்டத்தையும் நடத்தியது. தெருமுனைகளில் நாள் வாடகைக்கு நாவல் தரும் கடைகள் இருந்தன. புத்தகக் கடைக்குள் நுழையத் தயங்குபவரும் வெற்றிலைக் கடை ஓரத்தில் தொங்கிய நாவலை எடுக்கத் தயங்கவில்லை.

இலக்கிய நூல்களோ பெரும்பாலும் கெட்டி அட்டையில், நூலகங்கள் வாங்குவதற்கென்றே அச்சிடப்பட்டன. சாமானியர் ஒருவர் அவற்றைத் தற்செயலாகக் கண்டெடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே, மக்கள் நல்ல நூலைப் படிப்பதில்லை என்ற குற்றச்சாட்டைச் சொல்வதற்கு முன், நல்ல நூல் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இலக்கியப் புனைவு மனிதரைப் புரிந்துகொள்ளும் திறனை வளர்க்கிறது என்ற நம்பிக்கைக்கு 2013ஆம் ஆண்டு ஓர் ஆதாரம் கிடைத்தது. நியூயார்க்கைச் சேர்ந்த டேவிட் கிட், இமானுவேல் காஸ்டானோ ஆகிய இரு உளவியலாளர்கள் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், இலக்கியப் புனைவின் சிறு பகுதியைப் படித்தவர்கள், வெகுஜனப் புனைவைப் படித்தவர்களைவிடப் பிறர் மனநிலையைச் சரியாகக் கணித்ததாகக் கூறப்பட்டது. உலகெங்கும் அது தலைப்புச் செய்தியானது. ஆனால் 2016ஆம் ஆண்டு வேறு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. சில பக்கங்களைப் படித்த உடனே மனம் மாறிவிடும் என்பதற்கு இன்று உறுதியான சான்று இல்லை. நெடுங்காலம் படிப்பவர்களிடம் காணப்படும் புரிதல், படிப்பதால் வந்ததா, அல்லது அத்தகைய இயல்பினரே அதிகம் படிக்கிறார்களா என்பதும் எளிதில் பிரித்தறிய முடியாதது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2011ஆம் ஆண்டு நடந்த மற்றோர் ஆய்வில், கதையின் முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்கள் அதைக் குறைவாக அல்ல, சற்றுக் கூடுதலாகவே ரசித்ததாகத் தெரியவந்தது. பின்வந்த சில ஆய்வுகள் இதற்கு மாறான முடிவையும் தந்துள்ளன. ஆயினும், மர்ம நாவலின் இன்பம் மர்மத்தில் மட்டும் இல்லை என்பதை மீள வாசிக்கும் எந்த வாசகரும் அறிவார்.

கோடு அழிந்த இடங்கள்

வெகுஜனம், இலக்கியம் என்ற பிரிவு எல்லா மொழிகளிலும் ஒரே கண்டிப்புடன் இல்லை. வங்காளத்தில் சரதிந்து பந்தியோபாத்யாய் 1932ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய துப்பறிவாளர் பியோம்கேஷ் பக்ஷியின் கதைகள் நல்ல வங்க உரைநடைக்கு எடுத்துக்காட்டாகவே மதிக்கப்படுகின்றன. சத்யஜித் ராய் 1965ஆம் ஆண்டு சிறுவர் இதழான 'சந்தேஷ்'இல் ஃபெலுதாவைப் படைத்தார். துப்பறியும் கதை எழுதியதால் அவர் மதிப்பு குறைந்ததாக அங்கே யாரும் கருதவில்லை.

மலையாளத்தில் முட்டத்து வர்க்கி 1955ஆம் ஆண்டு எழுதிய 'பாடாத்த பைங்கிளி'யின் தலைப்பிலிருந்தே, உணர்ச்சி மிகுந்த வெகுஜன நாவல்களைக் குறிக்கும் 'பைங்கிளி' என்ற ஏளனச் சொல் பிறந்தது. ஆனால் அவர் பெயரில் நிறுவப்பட்ட விருதை முதலில் பெற்றவர்கள் ஓ.வி. விஜயனும் வைக்கம் முகமது பஷீரும். ஏளனத்துக்குள்ளான எழுத்தாளரின் பெயரை மலையாளத்தின் மாபெரும் இலக்கியவாதிகள் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டனர்.

உருதுவின் முதன்மைத் திறனாய்வாளர்களில் ஒருவரான ஷம்சுர் ரகுமான் ஃபரூக்கி, இப்னே சஃபியின் நான்கு நாவல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 2011ஆம் ஆண்டு அவற்றை வெளியிட்டது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். தமிழ் வெகுஜனக் கதைகளின் தொகுப்பை 2008ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் கொண்டுவந்த அதே பதிப்பகம்தான் பாடக்கின் '65 லட்சம் கொள்ளை' நாவலையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றது. பிரேம்சந்தும் சிறு வயதில் 'திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா' போன்ற மாயக்கதைகளில் மூழ்கி வளர்ந்தவர்தான். மாயக்கதை வாசகர் ஒருவரிடமிருந்தே 'கோதான்' பிறந்தது.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. வினோத் குமார் சுக்லவின் 'தீவார் மேன் ஏக் கிட்கி ரஹதி தீ' நாவல் 1999ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது பெற்றது. சிறு நகரக் கல்லூரி ஆசிரியர் ஒருவரும் அவர் புது மனைவியும் ஒற்றை அறையில் வாழ்கிறார்கள். அந்த அறையின் சன்னல் வழியே வெளியேறினால் குளமும் மரங்களுமாக வேறோர் உலகம் இருக்கிறது. கொலை இல்லை, துரத்தல் இல்லை, வில்லன் இல்லை. இளம் வாசகர்களுக்கான நூல்களால் அறியப்பட்ட ஹிந்த் யுக்ம் பதிப்பகம் இதைப் புதிதாக வெளியிட்டபின், கால் நூற்றாண்டு பழைய அந்த நாவலைப் புதிய தலைமுறை தேடிப் படித்தது. 2025 செப்டம்பரில் ராய்ப்பூரில் நடந்த விழாவில், இந்த நாவலின் விற்பனைக்கான உரிமைத்தொகையாக 30 லட்சம் ரூபாய்க் காசோலை அவருக்கு வழங்கப்பட்டது. இலக்கியப் புனைவு விற்காது என்பது விதியல்ல என்பதை அந்தக் காசோலை காட்டியது.

இழந்தது யார்?

லுக்தி நாவல்களின் உலகம் இன்று பெரிதும் சுருங்கிவிட்டது. 1990களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் பின்னர் கைப்பேசியும் அதன் வாசகர்களை எடுத்துக்கொண்டன. 1994ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'சந்திரகாந்தா' தொடர் பெரும் வெற்றி பெற்றதே மாற்றத்துக்கான அறிகுறி: ஒரு காலத்தில் எழுத்தைக் கற்க வைத்த கதையை இப்போது எழுத்தே தெரியாமலும் பார்க்க முடிந்தது. மீரட்டின் பதிப்பகங்கள் பல தொழிலைச் சுருக்கிக்கொண்டன. வேத் பிரகாஷ் சர்மா 2017ஆம் ஆண்டு காலமானார்.

இந்தத் தொழிலுக்கு இருண்ட பக்கமும் இருந்தது. பதிப்பகங்களே உருவாக்கிய கற்பனைப் பெயர்களில், சொற்பத் தொகைக்கு எழுதிக்கொடுத்த எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். லட்சக்கணக்கான வாசகர்களைக் கட்டிப்போட்டும் அவர்கள் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

ஆனால் அந்த வாசகர்கள் லுக்தியை விட்டு விலகியபோது இலக்கியத்துக்கு ஏறிச் செல்லவில்லை என்பதே கவனிக்க வேண்டிய உண்மை. அவர்களில் பெரும்பாலோர் திரைக்குப் போய்விட்டார்கள். மலிவு நாவல் ஒழிந்தால் நல்ல நாவல் செழிக்கும் என்று எதிர்பார்த்தவர்களின் கணக்கு தவறிவிட்டது. ஏணியின் கீழ்ப்படிகளை அகற்றினால் மேற்படிக்கு வரும் கூட்டம் பெருகுவதில்லை; குறையத்தான் செய்யும்.

மின்வழித் தளங்களில் இன்று தொடர்கதைகளும் ஒலிக்கதைகளும் பெருகியுள்ளன. பெங்களூருவில் 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதிலிபி தளத்தில் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் தொடர்கள் எழுதப்படுகின்றன. அத்தியாய முடிவில் கேள்வி, பழகிய கதாபாத்திரம், பேச்சு மொழி, கையருகே கிடைக்கும் வசதி என்று கத்ரி முதல் பாடக் வரை கையாண்ட அதே நான்கு கருவிகள்தான் அங்கும் வேலை செய்கின்றன.

வெகுஜனப் புனைவையும் இலக்கியப் புனைவையும் ஒரே அளவுகோலால் அளப்பதால்தான் இரண்டுக்கும் அநீதி நேர்கிறது. ஒன்று வாசகரின் களைப்பை அறிந்து அவருக்குத் துணையாக இருக்கிறது. மற்றொன்று அவரது அமைதியைக் குலைத்து வாழ்க்கையைத் திரும்பப் பார்க்க வைக்கிறது. ஒரே மனிதருக்கு வெவ்வேறு நாள்களில் இரண்டும் தேவைப்படலாம். பள்ளி நூலகத்தில் துப்பறியும் நாவலைப் பிடுங்கி வைத்துவிட்டுச் செவ்வியல் நூலைக் கையில் திணிக்கும் ஆசிரியரும் பெற்றோரும் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிரேம்சந்தைப் படிக்க ஒருவர் வர வேண்டுமானால், அவருக்கு முதலில் படிக்கும் பழக்கம் வந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை லட்சக்கணக்கானோருக்கு ஏற்படுத்தியது பெரும்பாலும் மட்டரகத் தாளில் அச்சிட்ட ஒரு நாவல்தான்.